கிளட்ச் ஃப்ரீ பிளே ஏன் கூடிக்கொண்டே போனது

ஏற்காடு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் 14-ஆவது. எதிரே பஸ் இறங்கி வந்ததால் ஓரங்கட்டி நின்றேன். பஸ் போன பிறகு முதல் கியர் போட்டால் விழவில்லை. கிளட்ச் பெடல் தரையோடு தரையாக அமுங்கியிருக்கிறது. கியர் ராடு பாதி வழியில் முட்டிக்கொண்டு நிற்கிறது. சற்று அழுத்தினால் ‘கர்ர்ர்’ என்ற அதிர்வு உள்ளங்கையிலிருந்து முழங்கை வரை ஏறியது. பின்னால் இரண்டு வண்டிகள் வந்து நின்றுவிட்டன. இன்ஜினை அணைத்தேன். இப்போது முதல் கியர் சத்தமே இல்லாமல் விழுந்தது. பெடலை மிதித்தபடியே சாவியைத் திருப்பினேன். ஸ்டார்ட்டர் சுற்றிய அதே நொடியில் வண்டி முன்னால் ஓர் உந்து உந்தியது. பெடலை முழுக்க மிதித்திருக்கும்போது அப்படி நடக்கவே கூடாது.

வண்டி 2008-இல் வாங்கியது. மூன்று சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின், ஐந்து கியர், கேபிள் கிளட்ச். 92,000 கி.மீ. ஓடியிருந்தது. இதே கோளாறுக்காக ஐந்து வாரம் முன்புதான் ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டு கிளட்ச் பிளேட், அதை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட், பெடலை மிதிக்கும்போது அந்தப் பிடியை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங் மூன்றையும் மாற்றியிருந்தேன். “பிளேட் போயிருச்சுங்க மேடம், செட்டாவே மாத்திடலாம்” என்றார்கள். கூலியோடு 7,200 ரூபாய் ஆனது. மூன்று வாரம் நன்றாக ஓடியது. நான்காவது வாரத்தில் ரிவர்ஸ் போடும்போது மெல்லிய உறுமல். ஐந்தாவது வாரம் இந்த வளைவில் வந்து நின்றேன்.

கழற்றிய பழைய பொருளைக் கேட்டு வாங்கி வருவது எங்கள் வீட்டில் அப்பா காலத்துப் பழக்கம். அந்தப் பழைய கிளட்ச் பிளேட் மாடிப்படிக்கு அடியில் ஒரு சாக்குப்பைக்குள் கிடந்தது. மலையிலிருந்து இறங்கி வந்த அன்று இரவு அதை எடுத்துத் துடைத்தேன். கிளட்ச் பிளேட்டின் இரண்டு முகத்திலும் உராய்வுப் பட்டை ரிவெட் அடித்து ஒட்டப்பட்டிருக்கும். பட்டை தேயத் தேய ரிவெட்டின் தலை மேற்பரப்புக்கு நெருங்கி வரும். தலை எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று அளந்தால் பட்டையில் மீதி எவ்வளவு என்பது தெரிந்துவிடும். நான் இயற்பியல் ஆசிரியை. வெர்னியர் காலிப்பர் வீட்டிலேயே இருக்கிறது. அதன் பின்முனைக் கம்பியை ஒவ்வொரு ரிவெட் குழியிலும் இறக்கிப் பார்த்தேன். மிகவும் தேய்ந்த இடத்திலேயே 1.1 மி.மீ. இருந்தது. பெரும்பாலான சிறிய கார்களுக்கு 0.3 முதல் 0.5 மி.மீ. வரை குறைந்தால்தான் மாற்றச் சொல்வார்கள். பட்டையில் எண்ணெய்க் கறை இல்லை, எரிந்த நீலம் இல்லை, விரிசலும் இல்லை. அந்தப் பிளேட் இன்னும் பல ஆயிரம் கிலோமீட்டர் ஓடியிருக்கும்.

அப்படியானால் புதுப் பிளேட் போட்ட பிறகு மூன்று வாரம் எப்படி நன்றாக ஓடியது? இந்தக் கேள்விக்கு விடை கண்டுபிடிக்காமல் இனி யாரிடமும் வண்டியைக் கொடுப்பதில்லை என்று முடிவெடுத்தேன்.

எங்கள் தெருவில் பஸ் டெப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வுபெற்ற அண்ணன் ஒருவர் இருக்கிறார். ஞாயிறு காலை அவரிடம் போய்ச் சொன்னேன். முதல் கேள்வியே, “இன்ஜின் ஆஃப்ல கியர் விழுதாம்மா?”

“விழுதுங்கண்ணா.”

“அஞ்சும்?”

“அஞ்சும், ரிவர்சும்.”

“அப்ப பாக்ஸை விட்ரு. இப்போதைக்கு அதுமேல சந்தேகமே வேண்டாம். வெளிய இருந்து உள்ள போலாம்.”

அவர் சொன்னதை விளக்கிவிடுகிறேன். இன்ஜின் ஓடாதபோது கியர்பாக்ஸுக்குள் எதுவும் சுற்றுவதில்லை. அப்போதும் கியர் விழ மறுத்தால் கோளாறு கியர் ராடு, அதன் புஷ் (இணைப்பில் இருக்கும் சிறு வளையம்), ராடைப் பாக்ஸோடு இணைக்கும் லிங்கேஜ், அல்லது பாக்ஸின் உட்புறம். (பல்லோடு பல் நேருக்கு நேர் நின்றுவிட்டால் மட்டும் நல்ல வண்டியிலும் ஒரு முறை விழாது; வண்டியை ஒரு சாண் தள்ளிவிட்டுப் போட்டால் விழும்.) இன்ஜின் அணைந்திருக்கும்போது எல்லாக் கியரும் விழுகிறது, ஓடும்போது மட்டும் மறுக்கிறது என்றால், பெடலை மிதித்தும் இன்ஜின் சுழற்சி பாக்ஸுக்குள் போய்க்கொண்டே இருக்கிறது என்று பொருள். கிளட்ச் விடவில்லை, இழுத்துக்கொண்டிருக்கிறது.

அதை உறுதிப்படுத்த ரிவர்ஸ் சோதனை. பல கார்களில் ரிவர்ஸ் கியருக்கு சின்க்ரோ (கியர் கடிக்கும் முன் வேகத்தைச் சமன் செய்யும் வளையம்) கிடையாது. நேரடியாகப் பல்லோடு பல் கடித்தாக வேண்டும். இன்ஜின் ஐடிலில், நியூட்ரலில், பெடலை முழுக்க மிதித்து ஐந்தாறு நொடி காத்திருக்க வேண்டும். கிளட்ச் முழுதாக விட்டிருந்தால் அதற்குள் இன்புட் ஷாஃப்ட் (இன்ஜின் சுழற்சியைப் பாக்ஸுக்குள் கொண்டுபோகும் தண்டு) தானாகவே நின்றுவிடும், ரிவர்ஸ் அமைதியாக விழும். நான் பத்து நொடி காத்திருந்து போட்டேன். ‘கர்ர்ர்.’ பெடலைத் தரையோடு அமுக்கி முதல் கியரில் வைத்தால், ஹேண்ட் பிரேக் விட்டதும் சமதளத்தில் வண்டி மெதுவாக நகரவும் பார்த்தது. இதைச் செய்து பார்ப்பவர்கள் முன்னால் ஆளோ சுவரோ இல்லாத இடத்தில் செய்யுங்கள்.

மற்ற சோதனைகளை வேகமாகவே முடித்தோம். நாலாவது கியரில் 40-இல் போய் ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தால், இன்ஜின் சத்தம் மட்டும் ஏறி வேகம் ஏறாமல் இருந்தால் கிளட்ச் ஸ்லிப், அதாவது பிளேட் வழுக்குகிறது. எங்களுக்கு அது இல்லை. பெடலை மிதித்தால் சத்தம் வந்து, விட்டால் நின்றால் ரிலீஸ் பேரிங். மாறாக, நியூட்ரலில் பெடலை விட்டிருக்கும்போது சத்தம் இருந்து மிதித்ததும் நின்றால் இன்புட் ஷாஃப்ட் பேரிங். இரண்டும் இல்லை. ஆனால் ஒரு சத்தம் இருந்தது. பெடல் பாதி தூரம் போகும்போது, டேஷ்போர்டுக்கு அடியில் எங்கோ ‘டக்’. அண்ணன் தலையைச் சாய்த்து மூன்று முறை கேட்டுவிட்டு ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்து ஃப்ரீ பிளே. பெடலை விரலால் மெல்ல அழுத்தினால் கொஞ்ச தூரம் எந்த எதிர்ப்பும் இல்லாமல் போகும். பிறகு கனம் தட்டும். அந்த வெற்றுத் தூரம்தான் ஃப்ரீ பிளே. என் வண்டியின் கையேடு 15 முதல் 25 மி.மீ. என்கிறது. எனக்கு 41 இருந்தது.

“கேபிளை இறுக்கிக் குடுத்தா சரியாப் போயிருமில்லங்கண்ணா?” என்றேன்.

“போகும். முன்னாடி பாத்தவங்களும் அதைத்தாம்மா செஞ்சிருக்காங்க” என்று பானெட்டைத் திறந்து கேபிள் முனையைக் காட்டினார். அட்ஜஸ்ட் பண்ணும் நட்டு மரையின் கடைசிக்கே போயிருந்தது. இன்னும் நாலைந்து சுற்றுக்குத்தான் மரை மிச்சம். ஐந்து வாரம் முன்பு போட்ட புது கிளட்ச் செட்டில் நட்டு ஏன் கடைசியில் இருக்க வேண்டும்?

இந்த இடத்தில்தான் எனக்கு விளங்கியது. இந்தப் பதிவை எழுத உட்கார்ந்ததே இதைச் சொல்லத்தான். கிளட்ச் பிளேட் தேயும்போது என்ன ஆகிறது? பிளேட் மெலிகிறது. அதை அழுத்திக்கொண்டிருக்கும் பிரஷர் பிளேட், இன்ஜினோடு சுற்றும் ஃப்ளைவீல் பக்கம் நகர்கிறது. அப்போது பிரஷர் பிளேட்டை அழுத்தும் வட்டமான டயாபிரம் ஸ்பிரிங்கின் நடுவிரல்கள் எதிர்ப்பக்கம், அதாவது ரிலீஸ் பேரிங்கை நோக்கி எழும்புகின்றன. பேரிங்குக்கும் விரலுக்கும் இருந்த இடைவெளி குறைகிறது. அந்த இடைவெளிதான் பெடலில் ஃப்ரீ பிளேயாகத் தெரிகிறது. ஆக, பிளேட் தேயத் தேய ஃப்ரீ பிளே குறையத்தான் வேண்டும். ஒரு கட்டத்தில் அது பூஜ்யமாகி, பேரிங் எந்நேரமும் விரலை அழுத்தி, கிளட்ச் ஸ்லிப் ஆகத் தொடங்கும். எனக்கோ ஃப்ரீ பிளே கூடிக்கொண்டே போகிறது. கூடுகிறது என்றால் நீளுவது, வளைவது, நழுவுவது ஏதோ ஒன்று பெடலுக்கும் பேரிங்குக்கும் நடுவில் இருக்கிறது. பிளேட்டின் மேல் பழியே போட முடியாது.

(சாதாரணக் கேபிள் வண்டிக்குத்தான் இந்தக் கணக்கு. தானாகவே அட்ஜஸ்ட் ஆகும் கேபிளிலும், கேபிளுக்குப் பதில் திரவ அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் கிளட்ச்சிலும் தேய்மானம் பெடலில் இப்படித் தெரியாது. ஹைட்ராலிக்கில் பெடலை நாலைந்து முறை அடித்தால் கியர் சுலபமாக விழுகிறது என்றால் குழாயில் காற்று இருக்கிறது, அல்லது மாஸ்டர் சிலிண்டரிலோ ஸ்லேவ் சிலிண்டரிலோ கசிவு. முதலில் ஃப்ளூயிட் மட்டத்தைப் பாருங்கள்.)

ஒர்க்‌ஷாப்பில் புதுப் பிளேட் போட்டார்கள், கூடவே கேபிளையும் இறுக்கிக் கொடுத்தார்கள். மூன்று வாரம் ஓடியது கேபிளை இறுக்கியதால். பிளேட்டால் அல்ல. 7,200 ரூபாயில் உதவிய வேலை ஒரு நட்டைத் திருப்பியது மட்டும்தான் என்று நினைக்கும்போது மனம் கசந்தது.

நட்டைத் திருப்பி 20 மி.மீ. வைத்தேன். ஒரு பள்ளி நோட்டில் தேதி போட்டு எழுத ஆரம்பித்தேன். முதல் நாள் 20. பத்தாம் நாள் 26. பதினெட்டாம் நாள் 33. தினமும் ஓட்டுவது பள்ளிக்குப் போய்வரும் 14 கி.மீ. மட்டும். இன்னொன்றையும் குறித்துவைத்தேன். ஃப்ரீ பிளே சரியாக 20 இருந்த முதல் நாளன்றுகூட ரிவர்ஸ் முழு அமைதியாக விழவில்லை, லேசாக உறுமியது. கிளட்ச் பிடிக்கும் இடமும் தரைக்கு மிக அருகிலேயே இருந்தது. அதாவது விரலால் அழுத்தும்போது தெரியும் வெற்றுத் தூரம் ஒன்று. காலால் பாரம் கொடுத்து மிதிக்கும்போது மட்டும் தொலைந்துபோகும் தூரம் இன்னொன்று. இரண்டாவது, ஸ்கேலில் தெரியாது.

அதைப் பிடிக்க வேறு வழி வேண்டும். பெடல் ஒரு நெம்புகோல். டேஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டு, பெடலை 50 மி.மீ. நகர்த்தினால் கேபிள் கொக்கி எவ்வளவு நகர்கிறது என்று பார்த்தேன். 10 மி.மீ. ஐந்துக்கு ஒன்று. பெடலின் முழு ஓட்டம் 140 மி.மீ. ஆகவே கேபிளின் மறுமுனையில், கியர்பாக்ஸின் மேல் இருந்து ரிலீஸ் பேரிங்கைத் தள்ளும் ரிலீஸ் ஆர்ம் 28 மி.மீ. நகர வேண்டும். ஆர்மின் நுனியில் நகப்பாலிஷால் ஒரு புள்ளி வைத்தேன். பக்கத்தில் 15 செ.மீ. ஸ்டீல் ஸ்கேலைக் கட்டுக்கம்பியால் கட்டினேன். மகள் சீட்டில் உட்கார்ந்து மிதிக்க, நான் பார்த்தேன்.

“முழுசா மிதிச்சியா?”

“தரையைத் தொட்டுட்டேன்மா.”

21. மறுபடி மிதிக்கச் சொன்னேன். 21. நாலாவது முறையும் 21. வழியில் 7 மி.மீ. காணாமல் போகிறது. பெடல் கணக்கில் அது 35 மி.மீ.

மாலையில் அண்ணன் வந்தார். காணாமல் போகக்கூடிய இடங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தோம். ரிலீஸ் ஆர்ம் அதன் ஷாஃப்டின் மேல் நழுவுகிறதா? இரண்டுக்கும் குறுக்கே சாக்பீஸால் ஒரு கோடு இழுத்தோம். மிதித்தாலும் கோடு உடையவில்லை. பெடல் புஷ் தேய்ந்து பெடல் பக்கவாட்டில் ஆடுகிறதா? கொஞ்சம் ஆடியது, 7 மி.மீ. தின்னும் அளவுக்கு இல்லை. கேபிளின் கீழ் முனை நன்றாக இருந்தது.

“இப்ப கேபிளோட வெளிக்கூடு எங்க ஊன்றியிருக்குன்னு பாக்கணும்” என்றார் அண்ணன்.

கேபிள் கிளட்ச்சில் இதை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. உள்ளே ஓடும் கம்பியை நாம் இழுக்கிறோம். அந்த இழுவிசை முழுவதையும் வெளிக்கூடு எதிர்த்துத் தாங்கிக்கொண்டு நிற்க வேண்டும், இல்லாவிட்டால் கம்பி இழுபடாது, கேபிள் மொத்தமாக நகரும். அந்த வெளிக்கூட்டின் ஒரு முனை இன்ஜின் அறைக்கும் உள் அறைக்கும் நடுவில் இருக்கும் தகட்டில், ஃபயர்வாலில் ஊன்றியிருக்கிறது. ஒவ்வொரு முறை மிதிக்கும்போதும் கூடு அந்தத் தகட்டை உள்பக்கமாக, நம் காலை நோக்கித் தள்ளுகிறது.

கேபிள் நுழையும் ஓட்டையைச் சுற்றிக் கறுப்புச் சத்தத் தடுப்புப் பஞ்சு ஒட்டியிருந்தது. அண்ணன் அதை ஸ்குரூ டிரைவரால் நெம்பிப் பிரித்தார். பிரித்த பஞ்சின் பின்புறம் துருவின் சிவப்பு. டார்ச்சை நான் பிடித்தேன். மகளை மிதிக்கச் சொன்னோம்.

‘டக்.’

ஓட்டையின் அடிப்பக்கம் பிறை வடிவத்தில் ஒரு விரிசல், கட்டைவிரல் நீளத்துக்கு. மிதித்ததும் நகம் நுழையும் அளவு வாய் திறந்தது, விட்டதும் மூடிக்கொண்டது. ஓட்டையைச் சுற்றிய தகடு முழுவதும் உள்ளே அமுங்கி மீண்டது. ஸ்கேலை நீட்டிப் பிடித்து அளந்தேன், 6 மி.மீ. மீதி 1 கேபிளின் சொந்த நெகிழ்ச்சி. கணக்கு நேரானது. மூன்று வருடமாக நாங்கள் கேட்டுப் பழகிப்போன ‘டக்’ அந்தத் தகடு மடங்கும் சத்தம்தான். ஒவ்வொரு மடங்கலிலும் தகடு முழுதாகப் பழைய இடத்துக்கு வராமல் துளித்துளியாக உள்ளே வளைந்தே நின்றுவிட்டது. நோட்டில் 20, 26, 33 என்று ஏறியது அதனால். மிதிக்கும்போது மட்டும் அமுங்கி மீண்டது, ஸ்கேலில் தெரியாமல் ஒளிந்திருந்த தூரம்.

தகடு ஏன் துருப்பிடித்தது? வண்டி நிற்பது வேப்பமரத்தடியில். வைப்பருக்கு அடியில் இருக்கும் பள்ளத்தில் விழும் மழைநீர் இரண்டு ஓரத்திலும் ஓட்டை வழியாக வெளியேற வேண்டும். அந்தப் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினோம். வேப்பிலையும் பூவும் மக்கி, ஈரக் களிமண்போல் அந்த ஓட்டைகளை அடைத்திருந்தன. இரண்டு கை நிறைய அள்ளினேன். ஐப்பசி, கார்த்திகை மழை முழுவதும் அங்கே தண்ணீர் தேங்கி, வழிந்து, தகட்டின் வழியே இறங்கியிருக்கிறது. போன மழைக்கு டிரைவர் காலடிக் கார்பெட் ஈர வாடை அடித்தது நினைவுக்கு வந்தது. கதவு ரப்பர்தான் ஒழுகுகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

வெல்டிங்கை டிங்கர் வேலை செய்பவரிடம்தான் கொடுத்தோம். அதற்கு முன் செய்ய வேண்டியதை நானும் அண்ணனும் வீட்டிலேயே செய்தோம்: பேட்டரியின் நெகடிவ் ஒயரைக் கழற்றியது, பெடலுக்குப் பின்னால் இருந்த கார்பெட், பஞ்சு, ஒயர் கட்டு எல்லாவற்றையும் ஒதுக்கியது, பழைய கேபிளை உருவியது. கேபிளை உருவியபோது பெடல் பக்க முனையில் மூன்று இழை அறுந்து ஊசிபோல் நீட்டிக்கொண்டிருந்தது. தகடு சாய்ந்ததால் கம்பி கூட்டின் வாயில் உரசி அறுந்திருக்கிறது. கேபிளை மட்டும் புதிதாகப் போட்டிருந்தால் அதுவும் ஒரு வருடத்துக்குள் இதே மாதிரி அறுந்திருக்கும்.

டிங்கர் முதலில் விரிசலின் இரண்டு முனையிலும் சின்ன ஓட்டை போட்டார், விரிசல் மேலும் ஓடாமல் இருக்க. துருவை கிரைண்டரில் வெள்ளைத் தகடு தெரியும்வரை எடுத்தார். 2 மி.மீ. தகட்டை உள்ளங்கை அளவு வெட்டி, நடுவில் கேபிளுக்கு ஓட்டை போட்டு, வளைந்த இடத்தைத் தட்டி நிமிர்த்திய பிறகு மேலே வைத்துச் சுற்றிலும் பற்றவைத்தார். உள்பக்கம் ஈரச்சாக்கு வைத்துக்கொண்டு, தண்ணீர் வாளியோடு நான் உட்கார்ந்திருந்தேன். நல்ல உலோகம் வரை பற்றவைக்க வேண்டும் என்பதில் அண்ணன் பிடிவாதமாக இருந்தார். துருவின் மேல் பற்றவைத்தால் அடுத்த மழைக்குள் பேட்சின் ஓரத்திலேயே கிழியும் என்றார். பிறகு ஜிங்க் பிரைமர், ஓரமெல்லாம் சீலன்ட், மேலே பெயின்ட். வெல்டிங்குக்கு 900, கேபிளுக்கு 450 ரூபாய்.

புதுக் கேபிளை மடங்காமல் பழைய வழியிலேயே ஓட்டி மாட்டினேன். நட்டு மரையின் நடுவில் நின்றபோதே ஃப்ரீ பிளே 20 வந்துவிட்டது. மகளை மிதிக்கச் சொன்னேன். நகப்பாலிஷ் புள்ளி 27-இல் போய் நின்றது. ‘டக்’ இல்லை. ஸ்டார்ட் செய்து, நியூட்ரலில் மிதித்து, ஐந்து நொடி எண்ணி ரிவர்ஸ் போட்டேன். விழுந்த சத்தமே கேட்கவில்லை.

இத்தோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். கிளட்ச் சரியானதும் அதுவரை மறைந்திருந்த இன்னொன்று வெளியே வந்தது. மூன்றாவதிலிருந்து இரண்டாவதுக்கு வேகமாக இறக்கினால் மட்டும் ஒரு ‘கிரிச்’. மற்றக் கியர் எதிலும் இல்லை. கிளட்ச் கோளாறு என்றால் எல்லாக் கியரையும் தொந்தரவு செய்யும். ஒரே ஒரு கியர் மட்டும் என்றால் அந்தக் கியரின் சின்க்ரோ.

சின்க்ரோ என்பது பித்தளைச் சாயல் கொண்ட ஒரு வளையம். கியர் கடிக்கும் முன் கூம்பு வடிவக் கியர் முகத்தை உரசி, இரண்டு பக்கத்தின் வேகத்தையும் சமன் செய்யும். 1928-இல் காடிலாக் கார்களில் வந்த ஏற்பாடு இது. அதற்கு முன்பு பெரும்பாலான காரோட்டிகள் இரட்டைக் கிளட்ச் அடித்துத்தான் ஓட்டினார்கள். இங்கே சின்க்ரோ இல்லாத பழைய லாரிகளில் தொழில் கற்றவர் அண்ணன். அவர் ஸ்டீயரிங்கில் உட்கார்ந்து காட்டினார்: கிளட்ச் மிதித்து நியூட்ரல், கிளட்ச்சை விட்டு ஆக்சிலரேட்டரை ஒரு தட்டு, மறுபடி கிளட்ச் மிதித்து இரண்டாவது. ‘கிரிச்’ இல்லை. நாமே வேகத்தைச் சமன் செய்து கொடுத்தால் விழுகிறது, சின்க்ரோவிடம் விட்டால் உறுமுகிறது. வளையம் தேய்ந்திருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சோதனை பாக்ஸைப் பிரிக்காமல் கிடையாது.

வளையம் தேய்ந்ததற்கும் காரணம் அந்த விரிசல்தான் என்று நம்புகிறேன். கிளட்ச் முழுதாக விடாதபோது, சின்க்ரோ வளையம் ஒரு சின்ன ஷாஃப்டை அடக்குவதற்குப் பதிலாக ஓடும் இன்ஜினோடு மல்லுக்கட்டுகிறது. ஊருக்குள் ஓட்டும்போது இரண்டாவது கியருக்குத்தான் அதிக வேலை. சரியான காரணத்தைத் தேடாமல் பிளேட்டை மாற்றியதில் போன பணத்தைவிட, அந்த மாதங்களில் தேய்ந்துபோன இந்த வளையம்தான் எனக்கு வலிக்கிறது.

கியர் ஆயிலையும் மாற்றிப் பார்த்தோம். ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: வடிக்கும் பிளக்கைத் தொடும் முன், ஊற்றும் பிளக் கழல்கிறதா என்று பாருங்கள். ஆயிலை வடித்துவிட்டு ஊற்றும் பிளக் துருவில் இறுகிப்போய்க் கழலாவிட்டால் வண்டியை நகர்த்தவே முடியாது. கையேட்டில் 2 லிட்டருக்குச் சற்று மேல் என்று இருந்தது. எங்களுக்கு வந்தது ஒன்றரை லிட்டர்தான். இடது ஆக்சில் சீல் கசிந்திருக்கிறது, அதையும் மாற்றினோம். வடித்த ஆயிலைத் தட்டில் வெயிலில் வைத்து அசைத்தபோது பொன்துகள் மின்னியது. வளையத்தின் தூள். வடிபிளக்கின் காந்தத்தில் சாம்பல் நிறப் பசை மட்டும்தான், இரும்புச் சில்லு இல்லை. பல் உடையவில்லை என்பது ஆறுதல்.

ஆயில் கடையில் 80டபிள்யூ-90 (ஆயிலின் தடிமனைக் குறிக்கும் எண்) கேட்டதும் ஜிஎல்-5 (கியர் ஆயிலின் ஒரு தர வகை) டப்பாவை எடுத்து வைத்தார்கள். “ரெண்டும் ஒண்ணுதாங்க மேடம்.” ஒன்றல்ல. ஜிஎல்-5 ஆயிலில் கடும் அழுத்தத்தைத் தாங்கச் சேர்க்கும் கந்தக, பாஸ்பரஸ் சேர்மங்கள் அதிகம். பின்சக்கரத்தால் இயங்கும் வண்டிகளின் டிஃபரன்ஷியலுக்கு (இரண்டு சக்கரத்துக்கும் சுழற்சியைப் பிரித்துத் தரும் கியர்) அது நல்லது. பித்தளை வளையம் உள்ள பாக்ஸில் சில வகை ஜிஎல்-5 அந்த உலோகத்தை அரிக்கும். வளையம் உரசிப் பிடிக்க வேண்டிய இடத்தில் வழுக்கலும் கூடலாம். கையேடு ஜிஎல்-4 என்று சொன்னால் ஜிஎல்-4 மட்டும். மூன்றாவது கடையில் கிடைத்தது. சமதளத்தில் வண்டியை நிறுத்தி, ஊற்றும் ஓட்டையின் உதட்டில் ஆயில் வழியும்வரை ஊற்றினேன். ‘கிரிச்’ பாதியாகக் குறைந்தது, முழுதாகப் போகவில்லை.

கியர் ராடு நியூட்ரலில் இடவலமாகத் தொளதொளவென்று ஆடியது. அடியில் லிங்கேஜ் புஷ் இரண்டும் பொடிந்திருந்தன. 120 ரூபாய், அரை மணி நேரம். அதை மாற்றியதில் மூன்றாவதும் ஐந்தாவதும் குழம்புவது நின்றது.

போன வாரம் ஏற்காட்டுக்குப் போய் வந்தோம். அதே 14-ஆவது வளைவில் வேண்டுமென்றே நிறுத்தி முதல் கியர் போட்டேன், விழுந்தது. இறங்கும்போது இரண்டாவதுக்கு இரட்டைக் கிளட்ச் அடிக்கிறேன், மகளும் கற்றுக்கொண்டிருக்கிறாள். நோட்டில் கடைசியாக எழுதியது: ஏழு மாதம், 4,600 கி.மீ., ஃப்ரீ பிளே 19. ஒரு மி.மீ. குறைந்திருக்கிறது. குறைய வேண்டியதுதான்; புதுப் பிளேட் இப்போது தேய ஆரம்பித்திருக்கிறது. வைப்பருக்கு அடியில் உள்ள இலையை மாதம் முதல் ஞாயிறு அள்ளுகிறேன். இரண்டாவது கியர் வளையத்துக்காக மே விடுமுறையில் பாக்ஸை இறக்குவதாக அண்ணனோடு பேசியிருக்கிறேன்.